டீசர் காணொளிக்கு டாவின்சி ரிசால்வ்: இலவசப் பதிப்பை நெடுநாள் பயன்படுத்தியதில் தெரிந்தவை

சிங்கப்பூரில் ஏப்ரல் தமிழ் மொழி விழா நெருங்கினால் தமிழ் அமைப்புகளின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு கேள்வி தவறாமல் வரும்: இருபது விநாடி டீசருக்கு, அதாவது சிறு முன்னோட்டக் காணொளிக்கு, ரிசால்வ் என்ற கணினித் தொகுப்பு மென்பொருள் எதற்கு, கைத்தொலைபேசியில் கேப்கட் செயலி போதாதா? ஒரே நிகழ்ச்சி, ஒரே ஆள், நாளை மாலைக்குள் வேண்டும் என்றால் போதும். கடைசியில் தானாக ஒட்டிக்கொள்ளும் அதன் சின்னம் தாங்கிய துண்டை மட்டும் நீக்கிவிட்டு அனுப்புங்கள். ஆனால் அதே படப்பிடிப்பிலிருந்து இன்ஸ்டகிராமுக்கு நெடுவாட்டில் ஒன்று, யூடியூபுக்கு அகலவாட்டில் ஒன்று, சமூக மன்ற வரவேற்புக் கூடத் திரைக்கு ஒலியில்லாமல் ஒன்று எனக் கேட்கும்போது கேப்கட்டில் மூச்சு வாங்கும். ரிசால்வின் இலவசப் பதிப்பு 4கே வரை முத்திரை ஏதும் போடாமல் ஏற்றுமதி செய்கிறது. நாடகம், நூல் வெளியீடு, தீபாவளிப் பலகாரக் கடை என மூன்று வகை டீசருக்கும் அதையே நம்பியிருக்கிறோம். வண்ணத்திலும் வெட்டிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. அது தடுமாறுவது தமிழ்த் தலைப்பில்.

அதற்குமுன் படப்பிடிப்பு. சிங்கப்பூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கைத்தொலைபேசி வழக்கமாக எடுப்பது விநாடிக்கு 30 சட்டகம் (ஃபிரேம்). ஷட்டர், அதாவது ஒரு சட்டகத்துக்கு ஒளி விழும் நேரம், 1/60 விநாடியில் நின்றால் குழல்விளக்கு, மலிவான எல்இடி, சிராங்கூன் சாலைத் தீபாவளி ஒளியூட்டு எல்லாமே பட்டை பட்டையாக ஓடும். பிறகு எந்த மென்பொருளிலும் அதைச் சுத்தமாக எடுக்க முடியாது. 25 சட்டகம், ஷட்டர் 1/50 என்று பூட்டிவிடுங்கள். ஐஃபோனில் கேமரா அமைப்புக்குள் பால் (PAL) வடிவங்களைக் காட்டச் சொன்னால்தான் 25 தெரியும். ஷட்டரைக் கையால் பூட்ட இலவசமாகக் கிடைக்கும் பிளாக்மேஜிக் கேமரா செயலி போதும். எச்டிஆரையும் (கூடுதல் ஒளி வேறுபாட்டைப் பதியும் முறை) அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் ரிசால்வின் சாதாரணக் காலவரிசையில் (டைம்லைன்) வெள்ளை வேட்டி வெறும் வெளிச்சத் திட்டாகிவிடும்.

நெடுவாட்டு, அகலவாட்டு இரண்டும் தேவையென்றால் 4கேயில் அகலவாட்டில் எடுப்பதே லாபம். 3840×2160 படத்தின் நடுவிலிருந்து 9:16 வெட்டினால் 1215 புள்ளி அகலம் கிடைக்கிறது. ரீல்ஸுக்கு வேண்டியது 1080. முழு எச்டியில் எடுத்திருந்தால் கிடைப்பது 607தான், அதை இழுத்துப் பெரிதாக்கினால் முகம் மாவாகும். நடிகர் நடு மூன்றிலொரு பங்கைவிட்டு வெளியே போகாமல் பார்த்துக்கொள்வது படமெடுப்பவர் பொறுப்பு. டிரோன் ஆசை இருந்தால் ஒரு சொல்: 250 கிராமுக்கு மேல் பதிவு வேண்டும், விமானத் தளங்களிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் அனுமதி வேண்டும். இந்தத் தீவில் அந்த வட்டங்களுக்கு வெளியே மிஞ்சும் இடம் குறைவு.

ரிசால்வில் புதிய திட்டம் திறந்ததும், ஒரு துண்டைக்கூட உள்ளே இழுக்கும் முன் சட்டக வேகத்தை 25 என்று வையுங்கள். காலவரிசையில் படம் ஏறியபின் அதை மாற்ற விடாது. பொருந்தாத அளவுப் படங்களுக்கு, வெட்டித் திரையை நிரப்பும் தேர்வைப் போட்டுவிட்டால் ஒவ்வொன்றையும் தனியாகப் பெரிதாக்கும் வேலை மிச்சம். தொண்டூழியர்கள் தங்கள் கைத்தொலைபேசியிலிருந்து அனுப்பும் துண்டுகளில் சட்டக வேகம் ஒரே சீராக இருக்காது. உதட்டசைவு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் போகும். கோப்பு வடிவத்தை மாற்றும் மென்பொருளான ஹேண்ட்பிரேக்கில் போட்டு மாறா வேகம் 25 என்று மாற்றிய பிறகே உள்ளே விடுங்கள். 16 ஜிபி நினைவகம் இருந்தால் வேலை நடக்கும். 8 ஜிபி மடிக்கணினியில் பிராக்ஸி (எடை குறைந்த பிரதி) உருவாக்காமல் 4கேயைத் தொட வேண்டாம்.

இப்போது தமிழ். "சிங்கப்பூர்" நமக்கு ஆறு எழுத்து. யூனிகோடில் பதினோரு குறிகள். எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தோன்றும் அசைவை ரிசால்வின் தலைப்புக் கருவியான டெக்ஸ்ட் பிளஸில் கொடுத்தால், அது எழுத்தைப் பார்க்காமல் குறியைத்தான் எண்ணப் பார்க்கிறது: முதலில் "ச", பிறகு தனியே இகரக் குறி, புள்ளி இல்லாத "ங", அதன்பின் ஓடி வந்து உட்காரும் புள்ளி. ஒகரமும் ஓகாரமும் இன்னும் மோசம். "கொ" வரவேண்டிய இடத்தில் "க" வந்து நிற்கும், அடுத்த சட்டகத்தில் ஒற்றைக்கொம்பு முன்னால் பாயும், எழுத்து வலப்பக்கம் துள்ளும். பழைய பதிப்புகளில் அசைவே இல்லாத தலைப்பில்கூடக் கொம்பு இடம் மாறி நின்றது. இணையத்தில் தமிழை ஏற்ற நா. கோவிந்தசாமி தொண்ணூறுகளில் பாடுபட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு இன்னும் கொம்பைத் துரத்துகிறோம் என்பது தனிக் கதை.

உறுதியான வழி, தலைப்பை வெளியே செய்து படமாகக் கொண்டுவருவது. வரைகலை மென்பொருளான இங்க்ஸ்கேப் இலவசம், தமிழைச் சரியாகக் கோக்கும். 2160 புள்ளி அகலத்தில், பின்னணி இல்லாத பிஎன்ஜியாக எடுங்கள்; அப்போதுதான் தலைப்பை மெல்லப் பெரிதாக்கும்போது விளிம்பு உடையாது. எழுத்துரு முக்த மலர், கேட்டமரான், நோட்டோ சான்ஸ் தமிழ் மூன்றில் ஒன்று. எல்லாமே கட்டணமில்லாதவை, வணிகத்துக்கும் தடையில்லை. தடிமன் 600க்குக் கீழே இறங்காதீர்கள். வாட்ஸ்அப் அழுத்திச் சுருக்கும்போது முதலில் காணாமல் போவது புள்ளி. "அரங்கம்" என்று அனுப்பியது "அரஙகம" என்று போய்ச் சேரும். கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்தும் வேண்டாம். இணையக் காணொளி வடிவங்களில் வண்ணத் தகவல் பிரகாசத் தகவலைவிடக் குறைந்த துல்லியத்தில் பதிவாவதால், சிவப்பின் விளிம்பு கசிந்துவிடும். மஞ்சளோ வெள்ளையோ நிற்கும்.

இந்தப் படங்களை உள்ளே கொண்டுவருவதில் இரண்டு இடறல்கள். தலைப்பு1, தலைப்பு2, தலைப்பு3 என்று வரிசை எண் கொடுத்துச் சேமித்தால் ரிசால்வ் அவற்றை ஒரே காணொளித் தொடராக எடுத்துக்கொண்டு, ஒரு சட்டகத்துக்கு ஒரு தலைப்பாக ஓட்டிவிடும். மீடியா பக்கத்தில் தனித்தனியாகக் காட்டும் முறைக்கு மாற்றுங்கள், அல்லது பெயரில் எண்ணே வேண்டாம். இரண்டாவது, எழுத்தைச் சுற்றி மெல்லிய கறுப்புக் கோடு தெரிந்தால் கிளிப் அட்ரிபியூட்ஸில் ஆல்ஃபா முறையை (பின்னணி தெரியும் அளவைப் படிக்கும் முறை) மாற்றிப் பாருங்கள். தட்டச்சு அசைவு கட்டாயம் வேண்டும் என்று இயக்குநர் பிடிவாதம் பிடித்தால், இடமிருந்து வலமாகத் திறக்கும் ஒரு மறைப்பைத் தலைப்பின்மேல் ஓட்டுங்கள். பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

படமாகச் செய்வதில் இன்னொரு பயன் பிறகுதான் புரியும். டீசர் பெரும்பாலும் மூன்று பேர் கணினியில் சுற்றி வரும். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தலைப்பு வேறு எழுத்துருவுக்கு மாறி, வரி உடைந்து, இடம் தள்ளிப்போகும். படத்துக்கு அந்தத் தொல்லை இல்லை.

கடைசி அட்டைக்கு நான்கு விநாடி, அதாவது நூறு சட்டகம், ஒதுக்குங்கள். பலரும் ஒன்றரை விநாடி கொடுத்துவிட்டு, "தேதி தெரியவில்லையே" என்று நூறு பேருக்குப் பதில் எழுதுகிறார்கள். தமிழ்ச் சொற்கள் நீளம். விநாடிக்கு இரண்டு சொல் என்பது எங்கள் கணக்கு. "உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையம்" என்ற ஒரு முகவரிக்கே இரண்டரை விநாடி போய்விடும். அதை "உமறுப் புலவர்" மேல் வரி, "தமிழ் மொழி நிலையம்" கீழ் வரி என்று உடையுங்கள். அடியில் சிறியதாக ஃபேரர் பார்க் எம்ஆர்டி போதும், பியட்டி ரோடு கதவு எண் வேண்டியதில்லை. தமிழும் ஆங்கிலமும் ஒரே அளவில் ஒரே அட்டையில் நின்றால் இரண்டையும் யாரும் படிக்க மாட்டார்கள். தமிழ் பெரிதாக, ஆங்கிலம் பாதி அளவில். கியூஆர் குறியீடு மன்றத் திரைக்கான பிரதியில் மட்டும். கைத்தொலைபேசியில் பார்ப்பவர் அதே கைத்தொலைபேசியை எதைக் கொண்டு வருடுவார்?

நெடுவாட்டுப் பிரதியில் (1080×1920) மேலே 250, கீழே 400, வலப்பக்கம் 120 புள்ளிகளுக்குள் எழுத்து எதுவும் வராமல் வைக்கிறோம். செயலியின் பெயர்ப்பட்டையும் பொத்தான்களும் அங்கேதான் உட்காரும்.

இசையில் பணம் மிச்சம் பிடிக்க நினைத்துத்தான் பலர் மாட்டுகிறார்கள். திரைப்பாடலின் எட்டு விநாடி என்றாலும் யூடியூபின் பதிப்புரிமைக் கண்காணிப்பான கன்டென்ட் ஐடி பிடித்துவிடும். இசை உரிம அமைப்பான கம்பாஸிடம் அரங்குக்கு எடுத்த உரிமம் பொது நிகழ்த்துதலுக்கானது. பாடலைக் காணொளியோடு சேர்ப்பதற்கான அனுமதி வேறு, அதை உரிமையாளரிடம்தான் வாங்க வேண்டும். டிக்டாக்கில் வணிகக் கணக்குக்கு வணிக இசைத் தொகுப்பு மட்டுமே. மிருதங்கம் வாசிப்பவர் ஒருவரிடம் இரண்டு நிமிட ஆதிதாளம் பதிவு செய்து வாங்கி, பயன்படுத்த எழுத்தில் ஒப்புதலும் பெற்றுவிட்டால் கவலை தீர்ந்தது. வெட்டுவதற்கும் அதுவே வசதி: ஒவ்வொரு சமத்திலும் (தாளத்தின் முதல் அடி) ஒரு வெட்டு. ரிசால்வின் ஒலிப் பகுதியான ஃபேர்லைட் பக்கத்தின் அளவியில் மொத்த ஒலி -14 எல்யுஎஃப்எஸ் (சராசரி ஒலியளவின் அலகு), உச்சம் -1 டெசிபல். குரல் வரும் இடத்தில் இசையை 10 முதல் 12 டெசிபல் இறக்கினால் பாட்டிக்கும் கேட்கும்.

ஏற்றுமதி இரண்டு. இணையத்துக்கு ஹெச்.264 என்ற காணொளி வடிவம், 20 எம்பிபிஎஸ் (விநாடிக்கு இத்தனை மெகாபிட்), சுமார் 50 எம்பி வரும். வாட்ஸ்அப்புக்கு 6 எம்பிபிஎஸ். இருபது விநாடிக்கு ஏறத்தாழ 15 எம்பி. முதல் கோப்பையே வாட்ஸ்அப்பில் போட்டால் அது தன் இஷ்டத்துக்குச் சுருக்கும், புள்ளிகள் போகும். மேக்கில் ஏற்றுமதியானது ரிசால்வில் பார்த்ததைவிட வெளிறித் தெரிந்தால், ரெக்.709-ஏ என்ற வண்ணக் குறியோடு மறுபடி எடுங்கள். லினக்ஸ் இலவசப் பதிப்பில் ஹெச்.264 ஏற்றுமதியே கிடையாது, அந்தப் பக்கம் போகாதீர்கள்.

எரிச்சலூட்டும் குணங்களும் உண்டு. திட்டம் சாதாரணக் கோப்பாக வன்தட்டில் இருக்காது, அதன் சொந்தத் தரவுத்தளத்தில் இருக்கும். கணினி போனால் திட்டமும் போகும். வேலை முடிந்த அன்றே காப்பகமாக எடுத்து வெளித்தட்டில் வையுங்கள். புதிய பதிப்புக்கு ஏறியதும் தரவுத்தளமும் ஏறும், பழைய பதிப்பில் திறக்காது. நிகழ்ச்சிக்கு முந்தைய வாரத்தில் புதுப்பிப்பு அறிவிப்பு வந்தால் கண்டுகொள்ளாதீர்கள்.

ஸ்டூடியோ பதிப்பு 295 அமெரிக்க வெள்ளி, ஒருமுறைதான் கட்டணம். பலகாரக் கடைக்கும் நூல் வெளியீட்டுக்கும் தேவையில்லை. இருட்டு மேடையில் ஒத்திகை எடுக்கும் நாடகக் குழுவுக்கும் நடனக் குழுவுக்கும் மட்டும் சொல்வோம், வாங்குங்கள். சட்டகங்களை ஒப்பிட்டு, இருட்டுப் படத்தில் மணல்போல் துடிக்கும் புள்ளிகளை நீக்கும் கருவி அதில்தான் இருக்கிறது, இலவசப் பதிப்பில் தொட்டால் படத்தின் குறுக்கே முத்திரை விழும். ஓர் உரிமம் இரண்டு கணினிகளில் இயங்கும்.