ஃப்ரெஷ்வாட்டர் வாட்ச் நீர்ச் சோதனைப் பெட்டி: ஓடைக் கரையிலிருந்து ஒரு மதிப்பீடு

எர்த்வாட்ச் என்ற சுற்றுச்சூழல் தொண்டு அமைப்பு, ஆறு குளங்களின் நீரைப் பொதுமக்களே அளந்து பார்ப்பதற்காக வழங்கும் ஃப்ரெஷ்வாட்டர் வாட்ச் சோதனைப் பெட்டி ஒரு வங்கியின் பணத்தில் வளர்ந்த பொருள். எச்எஸ்பிசி வங்கி 2012-இல் தொடங்கிய நீர்த் திட்டத்துக்கு ஐந்தாண்டுகளில் 10 கோடி டாலர் என்று ஒதுக்கி, அதை எர்த்வாட்ச், வாட்டர் எய்ட், டபிள்யூடபிள்யூஎஃப் ஆகிய மூன்று அமைப்புகளிடம் பகிர்ந்து கொடுத்தது. கங்கை, யாங்சி, மீகாங் உள்ளிட்ட ஆற்றுப் படுகைகள் டபிள்யூடபிள்யூஎஃப் அமைப்புக்கும், குடிநீரும் கழிப்பறை வசதியும் வாட்டர் எய்டுக்கும் பொறுப்பாயின. எர்த்வாட்சோ வங்கி ஊழியர்களை மேசையிலிருந்து எழுப்பி, தத்தம் ஊர்களின் ஓடைக்கும் குளத்துக்கும் அழைத்துச் சென்று நீரை அளக்கப் பழக்கியது. வங்கியின் திட்டம் முடிந்துவிட்டது. அந்த அளக்கும் முறை மட்டும் பொதுமக்கள் கையில் தொடர்கிறது. அதனால்தான் இதை வாங்கிப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

தெற்கு லண்டனில் எங்கள் வீட்டருகே ஓடித் தேம்ஸில் கலக்கும் ஒரு சிற்றாற்றங்கரையில் மகளோடு இதைப் பயன்படுத்தினேன். பெட்டியின் உயிர் இரண்டு சிறு பிளாஸ்டிக் குழாய்கள். ஒன்று நைட்ரேட்டுக்கு, மற்றொன்று பாஸ்பேட்டுக்கு; உரத்தோடும் கழிவுநீரோடும் வந்து பாசியை வளர்க்கும் சத்துகள் இவை. குழாயின் நுனியில் உள்ள இழையை உருவினால் ஊசித்துளை திறக்கிறது. விரல்களால் அழுத்திக் காற்றை வெளியேற்றி, துளையை நீரில் அமிழ்த்திப் பிடியைத் தளர்த்தினால், நீர் தானாக உள்ளேறி அங்கிருக்கும் பொடியோடு கலக்கிறது. நைட்ரேட்டுக்கு மூன்று நிமிடமும் பாஸ்பேட்டுக்கு ஐந்து நிமிடமும் காத்திருந்து, தோன்றும் நிறத்தை அட்டையிலுள்ள கட்டங்களோடு ஒப்பிட வேண்டும். முதல் குழாய் மெல்லச் சிவந்தபோது, “அப்பா, இது ரோஜா நிறமா, கத்தரிப்பூ நிறமா?” என்று மகள் கேட்டாள். மர நிழலில் ஒரு கட்டமாகவும் வெயிலில் அடுத்த கட்டமாகவும் எனக்குத் தெரிந்தது. ஆகவே எப்போதும் ஒரே வெளிச்சத்தில், முடிந்தால் இருவராகப் பார்த்து முடிவு செய்வது நல்லது. நீரின் நிறம், பாசி, கரையின் நிலை, அருகில் கழிவுநீர்க் குழாய் உண்டா என்பனவற்றையும் சேர்த்துக் கைப்பேசி வழியாகப் பதிவு செய்தால், நம் அளவீடு உலக வரைபடத்தில் ஒரு புள்ளியாக ஏறிவிடுகிறது. பயன்படுத்திய குழாயில் வேதிப்பொருள் இருப்பதால் அதை ஆற்றில் கொட்டாமல் வீட்டுக்கு எடுத்து வர வேண்டும்.

இதன் எல்லைகளை அறிந்தே வாங்க வேண்டும். நைட்ரேட் அட்டையில் லிட்டருக்கு 5 முதல் 10 மில்லிகிராம் வரை ஒரே கட்டம் என்பதால், அளவு 6-இலிருந்து 9-ஆக உயர்ந்தாலும் நமக்குத் தெரியாது. கிருமிகளையோ கன உலோகங்களையோ பூச்சிக்கொல்லிகளையோ இது காட்டாது. எனவே குளிக்கலாமா, குடிக்கலாமா என்ற கேள்விக்கு இதில் விடை தேடக்கூடாது. ஆனால் வயலிலிருந்து வழியும் உரமும் சாக்கடையும் நீரைப் பாசியேற்றும் இடங்களைக் கண்டுபிடிக்க இது நன்றாகவே போதும். சியரா லியோன் நாடு, ஐ.நா.வின் நீர்த்தரக் குறியீடான 6.3.2-க்கு அறிக்கை அளிக்கையில் இம்முறையில் தன்னார்வலர்கள் திரட்டிய அளவீடுகளைப் பயன்படுத்தியிருக்கிறது. ஆய்வகங்கள் எட்டாத இடங்களில் இதன் மதிப்பு எவ்வளவு என்பதை அது ஒன்றே காட்டும்.

பணம் வந்த வழியையும் பேசியாக வேண்டும். இதே வங்கி 2007 முதல் காலநிலைக் கூட்டுத் திட்டம் ஒன்றுக்கும் 10 கோடி டாலர் அளித்தது. அதன்கீழ் ஆக்ஸ்ஃபோர்டு அருகேயுள்ள வைதம் காடு போன்ற இடங்களில் ஊழியர்கள் மரங்களின் சுற்றளவை அளந்தார்கள். ஆனால் 2017 ஜனவரியில், இந்தோனேசியக் காடுகளை அழிக்கும் பாமாயில் நிறுவனங்களுக்கு அவ்வங்கி நிதி திரட்டித் தருவதாகக் கிரீன்பீஸ் அறிக்கை வெளியிட்டது. அடுத்த மாதமே, காடுகளையும் பீட் எனப்படும், மட்கிய தாவரங்கள் படிந்த சதுப்பு நிலங்களையும் காக்க உறுதியளிக்குமாறு அத்துறை வாடிக்கையாளர்களைக் கோரும் கொள்கையை வங்கி அறிவித்தது. நன்கொடைக் கணக்கை மட்டும் படித்து ஒரு நிறுவனத்தை மெச்சக் கூடாது, கடன் கணக்கையும் உடன் படிக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதற்காக இந்தப் பெட்டியை ஒதுக்கவும் எனக்கு மனமில்லை. நிறுவனங்களின் பணத்தில் நட்ட கன்றுகள் பல, பெயர்ப்பலகை மங்குவதற்குள் பட்டுப்போகின்றன; இங்கோ கொடுத்தவர் விலகிய பின்னும் அளக்கும் திறன் மக்களிடம் தங்கியிருக்கிறது. கரையில் நின்று அளக்கத் தெரிந்தவரிடம், ஆறு தூய்மையாகிவிட்டது என்று எந்த நிறுவனமும் வெறும் வாயால் சொல்லிவிட முடியாது.

பலர் ஒரே சமயத்தில் தத்தம் ஊர் நீரை அளக்கும் பெருந்திரள் அளவீட்டு நாட்களில் இந்தப் பெட்டியைத் தனிநபர்களுக்கு இலவசமாகவே தருகிறார்கள். இருப்பு விரைவில் தீர்ந்துவிடுவதால் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். பள்ளிகளும் ஊர்க் குழுக்களும் ஒருமுறை அளந்து படம் எடுத்துக்கொண்டு நிறுத்தாமல், ஒரே இடத்தை மாதந்தோறும் அளக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். எங்களிடம் இன்னும் ஒரு சோடிக் குழாய்கள் மீதமுள்ளன. நல்ல மழை பெய்த மறுநாள், கழிவுநீர் வழிந்து கலக்கும் வளைவுக்குக் கீழே அவற்றைப் பயன்படுத்த வைத்திருக்கிறோம்.