"போட்டதும் தானாகப் பாடும்" என்றார்கள்: ஆட்டோரன் ஆடியோ டிஸ்க் மென்பொருள் வாங்கப் போகிறவர்களுக்கு

என் மேசை இழுப்பறையில், கொடுத்த இடங்களிலிருந்து திரும்பி வந்த 22 டிஸ்க்குகள் கிடக்கின்றன. ஒவ்வொன்றிலும் "பாட்டி சொன்ன கதைகள்" என்று மார்க்கரால் என் கைப்பட எழுதியிருக்கிறேன். எழுத்து மட்டும் அழகாக வந்திருக்கிறது. அதற்கு மேல் அவற்றால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

பாட்டி கதை சொல்லும்போது ஃபோனில் பதிவு செய்து வைத்திருந்தேன். 14 கதைகள், மொத்தம் 71 நிமிடம். இந்த 71ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும். இதைச் சொந்தத்தில் எல்லாருக்கும் கொடுக்க வேண்டும் என்று ஆசை. ஃபோனில் அனுப்பிவிடலாமே என்றுதான் நீங்களும் கேட்பீர்கள். சித்திக்கு அனுப்பினேன். இரண்டே வாரத்தில் "அது எங்கேயோ மேலே போயிருச்சுப்பா, தேடினா கிடைக்கல" என்றார். மாமா காரில் மட்டும்தான் எதையும் கேட்பார், காரில் இருப்பது சிடி பிளேயர். பெரியம்மா வீட்டில் பழைய டிவிடி பிளேயர். ஆக, கையில் எடுத்துப் போடுகிற மாதிரி ஒரு பொருளாக இருந்தால் நல்லது என்று தோன்றியது.

அப்போதுதான் அந்த மென்பொருள் கண்ணில் பட்டது. பெயர் வேண்டாம், இதே வேலையைச் செய்வதாகச் சொல்லும் மென்பொருள்கள் நிறைய உண்டு, கதை எல்லாவற்றுக்கும் பொருந்தும். விளம்பரம் சொன்னது இது: புரோகிராமிங் தெரியவே வேண்டாம். படத்தை இழுத்துப் போடுங்கள், பட்டனை வையுங்கள், பாட்டைச் சேருங்கள், தொழில்முறை ஆடியோ டிஸ்க் தயார். டிஸ்க்கைப் போட்டதும் எந்தக் கணினியிலும் தானாக ஓடும்.

இதில் "ஆடியோ டிஸ்க்", "எந்தக் கணினியிலும்", "தானாக" என்ற மூன்றுமே பொய். பச்சைப் பொய் என்று நிரூபிக்க முடியாதபடி சாமர்த்தியமாகச் சொல்லப்பட்ட பொய்.

சோதனைப் பதிப்பை இறக்கிப் பார்த்தேன். உண்மையிலேயே எளிதுதான், அதை மறுக்க மாட்டேன். பாட்டியின் படத்தைப் பின்னணியில் வைத்து, 14 பட்டன்களை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு எம்பி3 ஃபைலைக் காட்டிவிட்டால் முடிந்தது. முன்னோட்டம் அழுத்தினேன், ஜோராகப் பாடியது. ஒரே ஒரு இடறல், கதைகளின் பெயரைத் தமிழில் அடித்தபோது வந்தது. "பூனைக் கதை" என்று அடித்தால் பட்டனில் ஆறு கேள்விக்குறி, ஓர் இடைவெளி, அப்புறம் மூன்று கேள்விக்குறி. எழுத்துக்கு ஒன்று, காலுக்கும் கொம்புக்கும் புள்ளிக்கும் தனித்தனியாக ஒன்று என்று ஒழுங்காக எண்ணிப் போட்டிருந்தது. யூனிகோட் (தமிழ் உட்பட எல்லா மொழி எழுத்துக்கும் கணினியில் இருக்கும் பொதுக் குறியீடு) தெரியாத பழைய மென்பொருள் மேலே புதுச் சட்டை மாட்டியிருக்கிறார்கள் என்று அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. பெயர்களை வேறொரு மென்பொருளில் படமாகச் செய்து, வெட்டி ஒட்டினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசும் அதிலேயே போனது.

பொறி எங்கே இருந்தது தெரியுமா? சோதனைப் பதிப்பில் எல்லாம் செய்யலாம், சேமிக்கலாம், முன்னோட்டம் பார்க்கலாம். டிஸ்க் எழுதும் பட்டன் மட்டும் மங்கலாக இருக்கும். அதாவது, செய்ததை வேறொரு கணினியில் போட்டுப் பார்க்க வேண்டுமானால் முதலில் பணம் கட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமையை அதற்குத் தின்னக் கொடுத்தவன் கட்டாமல் இருப்பானா? கட்டினேன். உரிம எண்ணை உள்ளிட்டுவிட்டால் பணம் திரும்பக் கிடையாது என்பது நிபந்தனைகளின் அடியில் எங்கேயோ இருந்ததாம். பிறகு படித்தேன்.

22 டிஸ்க்கையும் எழுதி, என் கணினியில் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன், வேலை செய்தது. அத்தனையையும் கொடுத்தாயிற்று. அப்புறம்தான் ஃபோன் வர ஆரம்பித்தது.

முதலில் சித்தி. "ஏம்ப்பா, போட்டேன், ஒண்ணுமே வரலையே?"

"மூலையில ஏதாவது கேக்குதா பாருங்க சித்தி."

"என்னமோ வந்துச்சு, படிக்கிறதுக்குள்ள போயிருச்சு."

சித்தி சொன்னதுதான் "தானாக ஓடும்" என்பதன் இன்றைய நிலைமை. டிஸ்க்கைத் திறந்ததும், எந்த ஃபோல்டருக்குள்ளும் போகாமல் நேராக வெளியிலேயே, ஆட்டோரன் டாட் இன்ஃப் என்று ஒரு சின்ன ஃபைல் இருக்கும். நோட்பேடில் திறந்தால் மூன்று நான்கு வரிதான்: எந்தப் புரோகிராமைத் திறப்பது, எந்தப் படத்தை ஐகானாகக் காட்டுவது, என்ன பெயர் காட்டுவது. விண்டோஸ் 95 வந்தபோது இது பெரிய வசதி. போட்டவுடன் மெனு எழுந்து நிற்கும். ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு புரோகிராம் ஓடலாம் என்றால் வைரஸ் சும்மா இருக்குமா? 2008 கடைசியில் கிளம்பிய கான்ஃபிக்கர் என்ற தீம்பொருள், பென் டிரைவ் வழியாகப் பரவ இந்த ஃபைலைத்தான் பிடித்துக்கொண்டது. விண்டோஸ் 7இல் பென் டிரைவுக்கு இந்த வசதியை நிறுத்தினார்கள், 2011 பிப்ரவரியில் பழைய விண்டோஸ்களுக்கும் அப்டேட் வழியாக நிறுத்தினார்கள். சிடி, டிவிடிக்கு முழுதாக நிறுத்தவில்லை. ஆனால் விண்டோஸ் 7க்கு முந்தைய விஸ்டாவிலிருந்தே, டிஸ்க்கைப் போட்டால் நேராக ஓட்டாமல் "என்ன செய்யட்டும்?" என்று கேட்கிறது. விண்டோஸ் 10இல் அந்தக் கேள்வியும் மூலையில் ஒரு சின்ன அறிவிப்பாக வந்து, சில நொடிகளில் மறைந்துவிடும். இப்படிக் கேட்கும் வசதிக்கு ஆட்டோபிளே என்று பெயர், அதை அணைத்து வைத்திருந்தால் அதுவும் வராது.

சிடிதானே, என்ன ஆபத்து என்று நினைப்பவர்களுக்கு 2005ஐ நினைவூட்டுகிறேன். சோனி பிஎம்ஜி வெளியிட்ட சில இசை சிடிக்களைக் கணினியில் போட்டால், காப்பி எடுப்பதைத் தடுக்கும் மென்பொருள் ஒன்று உள்ளே போய் ஒளிந்துகொண்டது. அந்த ஆண்டு அக்டோபர் 31 அன்று மார்க் ருசினோவிச் என்ற விண்டோஸ் நிபுணர் அதைக் கண்டுபிடித்து எழுத, பெரிய ரகளையாகி, நவம்பரில் டிஸ்க்குகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அதனால் விண்டோஸ் இப்போது நம்மைக் கேட்டுவிட்டு ஓட்டுவது சரிதான். என் கோபம் விண்டோஸ் மேல் இல்லை. இத்தனை வருடமாகத் தெரிந்த விஷயத்தை மறைத்து "எந்தக் கணினியிலும் தானாக" என்று விற்கிறார்களே, அவர்கள் மேல்தான்.

அடுத்து தம்பி. அவன் விவரம் தெரிந்தவன், டிஸ்க்கைத் திறந்து மெனு புரோகிராமை அவனே இரட்டைக் கிளிக் செய்தான். நிர்வாகி அனுமதி கேட்டது. பாட்டு போடும் மெனுவுக்கு நிர்வாகி அனுமதி எதற்கு என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. கூடவே, வெளியீட்டாளர் யாரென்று தெரியாது என்ற மஞ்சள் எச்சரிக்கை. (பெரியம்மா பையன் இந்த இடத்தில் "இல்லை" அழுத்திவிட்டு எனக்கு வைரஸ் அனுப்பினாயா என்று கேட்டான். அவன் செய்ததுதான் சரி.) தம்பி என்னை நம்பி "ஆம்" கொடுத்தான். மெனு வந்தது, பாட்டி சிரித்தார். முதல் பட்டனை அழுத்தினால், ஃபைல் கிடைக்கவில்லை என்று ஒரு பெட்டி. அதில் முழு முகவரி: சி டிரைவ், என் பெயர், டெஸ்க்டாப், "பாட்டி கதை" ஃபோல்டர்.

புரிகிறதா? 14 பட்டன்களில் ஒன்பது, டிஸ்க்கில் இருக்கும் ஃபைலைத் தேடவே இல்லை. என் கணினியின் டெஸ்க்டாப்பைத் தேடிக்கொண்டிருந்தன. என் கணினியில் அந்த ஃபோல்டர் இருப்பதால் எனக்கு மட்டும் பாடியது. டிஸ்க் இருக்கும் இடத்தைப் பொறுத்துத் தேடுவதற்குப் பதில் முழு முகவரியையும் அப்படியே எழுதி வைத்துவிட்டது. புதிதாகக் கற்றுக்கொள்பவர் செய்கிற தவறு இது. புதியவர்களுக்காகவே செய்ததாகச் சொல்லும் மென்பொருள் இதைத் தானே செய்கிறது. மீதி ஐந்து பட்டன்கள் மட்டும் ஏன் சரியாக இருந்தன? அந்த ஐந்தையும் நான் "சேர்" பட்டன் வழியாகக் கொடுத்திருந்தேன். மற்றவற்றை, விளம்பரத்தில் சொன்னபடி இழுத்துப் போட்டிருந்தேன்.

மாமாவின் கார் இன்னும் மோசம். அவர் பிளேயர் எம்பி3யும் பாடும். ஆனால் "ஃபைல் இல்லை" என்று காட்டியது. டிஸ்க்கை நான் திறந்து பார்த்தபோது அதில் ஒரு எம்பி3கூட இல்லை. சேர்த்த கதைகளை எல்லாம் ஒரே பெரிய டேட்டா ஃபைலுக்குள் பொதிந்து வைத்திருந்தது. பாதுகாப்புக்காகவாம். அதாவது அந்த நிறுவனத்தின் மெனு புரோகிராம் ஓடினால்தான் பாட்டி பேசுவார். மேக் கணினி வைத்திருக்கும் அண்ணன் மகளுக்கும் இதே கதிதான், விண்டோஸ் புரோகிராம் அங்கே ஓடாது. பெரியம்மாவின் டிவிடி பிளேயரைச் சொல்லவே வேண்டாம்.

"ஆடியோ டிஸ்க்" என்ற வார்த்தையில் இருக்கும் ஏமாற்று இதுதான். ஆடியோ சிடி என்பது 1980இல் வரையறுத்த ஒரு தனி வடிவம். நொடிக்கு 44,100 முறை ஒலியை அளந்த மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட், இரண்டு சேனல், 99 டிராக் வரை. அதில் ஃபைல் என்பதே கிடையாது, ஒலி அப்படியே தடங்களாக ஓடும். கணினியில் திறந்தால் தெரியும் சிடிஏ ஃபைல்கள் விண்டோஸ் நமக்காகக் காட்டும் வழிகாட்டிகள், ஒவ்வொன்றும் வெறும் 44 பைட். (வெகு காலத்துக்கு முன் அவற்றை மட்டும் காப்பி செய்து நண்பனிடம் "முழு ஆல்பமும் ஒரு கேபிகூட இல்லை" என்று பெருமைப்பட்டவன் நான். ஏமாறுவதில் எனக்கு அனுபவம் உண்டு.) இந்த மென்பொருள் எழுதியதோ டேட்டா டிஸ்க். இரண்டும் ஒரே டிஸ்க்கில் வேண்டுமானால் அதற்கும் 1995லிருந்து ஒரு முறை உண்டு: டிஸ்க்கை செஷன் என்ற தனித்தனிப் பகுதிகளாக எழுதுவது, முதல் செஷனில் ஒலித் தடங்கள், இரண்டாவது செஷனில் டேட்டா. கார் முதல் செஷனைப் பாடும், கணினி இரண்டையும் பார்க்கும். இதைச் செய்கிற மென்பொருளை ஆடியோ டிஸ்க் செய்யும் மென்பொருள் என்று சொன்னால் ஒப்புக்கொள்வேன்.

நிறுவனத்துக்கு எழுதினேன். நான்கு நாள் கழித்துப் பதில் வந்தது. என் உறவினர்கள் ஒவ்வொருவரும் தங்கள் கணினியில் ரெஜிஸ்ட்ரியை (விண்டோஸ் தன் அமைப்புகளை எல்லாம் எழுதி வைத்திருக்கும் இடம்) திறந்து ஒரு மதிப்பை மாற்ற வேண்டுமாம், அப்போது ஆட்டோரன் முழுசாக இயங்குமாம். சித்தியை ரெஜிஸ்ட்ரி திறக்கச் சொல்வதா! அதோடு, வைரஸ் வருகிறது என்று அடைத்த கதவை வாடிக்கையாளர் செலவில் திறந்து விடச் சொல்கிறார்கள். யாராவது இப்படி ஆலோசனை சொன்னால் கேட்காதீர்கள். டெஸ்க்டாப் முகவரி விவகாரத்துக்கு ஒரு வரி: "எல்லா ஃபைல்களையும் சேர் பட்டன் வழியாக மட்டும் இணைக்கவும்." பணம் பற்றிக் கேட்டதற்கு நிபந்தனைகளின் இணைப்பு.

இந்த மாதிரி ஒன்றை வாங்கியே ஆக வேண்டுமென்றால், சோதனைப் பதிப்பு ஒரு ஃபோல்டராகவாவது வெளியே எடுத்துத் தருகிறதா என்று முதலில் பாருங்கள். தந்தால், அதை பென் டிரைவில் போட்டு, நீங்கள் எதையுமே சேமித்து வைத்திராத வேறொரு கணினியில் திறந்து ஒவ்வொரு பட்டனாக அழுத்துங்கள். ஃபோல்டருக்குள் எம்பி3க்கள் அவற்றின் பெயரோடு கண்ணுக்குத் தெரிகின்றனவா என்றும் பாருங்கள். வெளியே எடுக்கவே விடவில்லை என்றால் நடையைக் கட்டிவிடுங்கள்.

சரி, கடைசியில் நான் செய்தது என்ன? 71 நிமிடம். சாதாரண சிடி-ஆர் 80 நிமிட ஒலி பிடிக்கும். விண்டோஸோடு வருகிற பழைய மீடியா பிளேயரில் பர்ன் பகுதிக்குப் போய், டேட்டா சிடி என்பதை விட்டு ஆடியோ சிடி என்பதைத் தேர்ந்து, 14 ஃபைலையும் இழுத்துப் போட்டு எழுதினேன். ஒரு பைசா செலவில்லை, புது டிஸ்க் வாங்கியதைத் தவிர. முதல் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு நேராக மாமாவின் காருக்குப் போனேன். உள்ளே தள்ளியதும், யாரும் எந்தப் பட்டனையும் அழுத்தாமல், பாட்டி ஒருமுறை இருமிவிட்டு "ரெகார்ட் ஆகுதாடா?" என்றார். தானாக ஓடுவது என்றால் இதுதான்.

கதைகளின் பெயரைச் சிடியிலேயே எழுத சிடி டெக்ஸ்ட் என்று ஒன்று இருக்கிறது, ஆனால் அதில் தமிழுக்கு இடமில்லை. காகிதத்தில் அச்சடித்து உறைக்குள் வைத்தேன். மேலே ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள், பால்பாயின்ட் பேனாவால் அழுத்தியும் எழுதாதீர்கள். சிடியில் தகவல் இருக்கும் அடுக்கு, நாம் எழுதுகிற பக்கத்துக்கு அடியிலேயே மெல்லிய பூச்சுக்குக் கீழ் இருக்கிறது. உங்கள் பதிவு 80 நிமிடத்தைத் தாண்டினால், மெனு எதுவும் இல்லாமல் எம்பி3க்களை மட்டும் டேட்டா டிஸ்க்காக எழுதுங்கள். 128 கேபிபிஎஸ் தரத்தில் நிமிடத்துக்கு ஒரு எம்பிக்குக் கொஞ்சம் குறைவு, 700 எம்பியில் 12 மணி நேரத்துக்கு மேல் அடங்கும். எம்பி3 படிக்கும் கார் பிளேயர்கள் பாடும், கணினியும் மேக்கும் பாடும்.

நேற்று அந்த நிறுவனத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. புதிய பதிப்பு வெளியாகிவிட்டதாம். பழைய வாடிக்கையாளர் என்பதால் எனக்குச் சிறப்புத் தள்ளுபடியாம்.