ஹைபர்நேட்டின் மாற்றம் கண்டறியும் முறையோடு நான்கு பெரும்போகங்கள்

மட்டக்களப்பில் இருந்தபடி, சம்மாந்துறைப் பக்கத்து நெல் ஆலை ஒன்றின் கொள்வனவு மென்பொருளை நான்கு பெரும்போகங்களாக (மழைக்கால நெற்பருவங்களாக) பராமரித்து வருகிறேன். அது ஜாவா மொழியில், ஸ்பிரிங் என்ற கட்டமைப்பையும், ஜாவாப் பொருள்களைத் தரவுத்தளப் பதிவுகளோடு இணைக்கும் ஹைபர்நேட்டையும் கொண்டு எழுதப்பட்டது. பதிவொன்றுக்கு நிகரான பொருளின் (object) பெறுமதியை மாற்றினால் போதும், சேமிக்கச் சொல்லாமலேயே ஹைபர்நேட் அதைத் தரவுத்தளத்தில் சேர்த்துவிடும். அந்த வசதிக்கு என்ன விலை என்பதை முதல் வேளாண்மை வெட்டுக் காலத்திலேயே தெரிந்துகொண்டேன்.

பதிவொன்றைப் படிக்கும்போது அதன் புலங்களின் பெறுமதிகளை ஹைபர்நேட் தனிப் பிரதியாக வைத்துக்கொள்கிறது. மாற்றங்களைத் தரவுத்தளத்துக்கு அனுப்பும் ஃபிளஷ் நடக்கும்போது, செஷனில் (ஹைபர்நேட் அப்போது கவனித்துவரும் பொருள்களின் தொகுப்பில்) உள்ள ஒவ்வொரு பொருளையும் புலம் புலமாக அந்தப் பிரதியோடு ஒப்பிட்டு, வேறுபட்டவற்றுக்கு மட்டும் அப்டேட் அனுப்புகிறது. எங்கள் மென்பொருளோ அன்றைய நிறைத் துண்டுகளை (நெல் நிறுத்த சீட்டுகளை) ஒவ்வொன்றாகப் பதிந்து, ஒவ்வொன்றுக்கும் நாடு, சம்பா, கீரிச்சம்பா என்று நெல்லினத்தின் விலையைத் தனி வினவலால் தேடியது. வினவலுக்கு முன் தானாக நடக்கும் ஃபிளஷ், அந்த அட்டவணைக்கு அது தேவையா என்பதை எல்லாவற்றையும் ஒப்பிட்டு முடித்த பிறகே முடிவு செய்கிறது. ஒவ்வொரு தேடலிலும் அதுவரை சேர்ந்த துண்டுகள் எல்லாம் மீண்டும் ஒப்பிடப்படுவதால், 2,000 துண்டுகள் என்றால் ஏறத்தாழ 20 இலட்சம் பொருள் ஒப்பீடுகள். தரவுத்தளம் சும்மா இருக்க, ஜாவாவின் சிபியு மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது. நானோ பல நாட்கள் தரவுத்தளத் தேடலை வேகப்படுத்தும் இன்டெக்ஸையே குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

விலைப் பட்டியலைத் துண்டுகளைப் பதியும் சுற்றுக்கு வெளியே ஒருமுறை மட்டும் படித்து, ஐம்பது துண்டுக்கு ஒருமுறை ஃபிளஷ் செய்து செஷனைக் கிளியர் செய்ததும் (காலியாக்கியதும்) வேகம் திரும்பியது. கூடவே ஒரு தவறும் வந்தது, அது முழுக்க என்னுடையது. கிளியருக்கு முன் எடுத்து வைத்திருந்த ஒரு போடியாரின் (பெரிய நிலக்காரரின்) கணக்கில், கிளியருக்குப் பின் முற்பணக் கழிவைப் போட்டேன். செஷனிலிருந்து விலகிய பொருளின் மாற்றத்தை ஹைபர்நேட் கவனிப்பதில்லை, பிழைச் செய்தியும் தருவதில்லை. மாலையில் காசுப் பெட்டியும் கணக்கும் பொருந்தாதபோதுதான் விடயம் தெரிந்தது.

அறிக்கைகளுக்கு, பரிவர்த்தனையை ரீட் ஒன்லி (படிக்க மட்டும்) என்று குறிப்பதே மிக மலிவான திருத்தம். ஸ்பிரிங் 5.1 முதல் அக்குறி ஹைபர்நேட் செஷன் வரை போய்ச் சேர்வதால், ஒப்பிடும் வேலையோடு பிரதி பிடிக்கும் நினைவகமும் மிச்சமாகிறது. டைனமிக் அப்டேட்டை இதற்கு மருந்தாகச் சிலர் சொல்வார்கள். அது அப்டேட்டில் வரும் அட்டவணை நிரல்களை (columns) குறைக்குமே தவிர ஒப்பீட்டைக் குறைக்காது. மாறிய புலங்களைப் பொருளே குறித்துவைக்கும் பைட்கோடு (தொகுக்கப்பட்ட ஜாவாக் கோப்பு) மேம்பாட்டையும் முயன்றேன். எங்கள் அளவுக்கு, மென்பொருளைத் தொகுக்கும் பில்டில் கூடிய சிக்கலுக்கு ஈடான பயன் கிடைக்கவில்லை.

எனக்கு அதிகம் தலையிடி தந்தது வேறொன்று. நெல்லின் ஈரப்பதத்தையும் அதற்கான கழிவையும் ஒரே வகுப்பில் வைத்து, பெறுமதியை வடிவம் மாற்றித் தரும் கன்வெர்ட்டர் மூலம் ஒரே அட்டவணை நிரலில் சேமித்திருந்தேன். அவ்வகுப்பில், இரு பொருள்கள் சமமா என்று சொல்லும் ஈகுவல்ஸ் இல்லாததால், வெறுமனே படித்த துண்டும் மாறியதாகவே தெரிந்து, அப்டேட் போய், ஒரே பதிவை இருவர் மாற்றுவதைக் கண்டறிய வைத்த பதிப்பு எண்ணும் ஏறியது. இரண்டு தராசடிகளிலும் ஒரே துண்டைத் திறந்தவர்களில் ஒருவருக்கு, யாரும் எதையும் தொடாமலே, 'வேறொருவர் மாற்றிவிட்டார்' என்ற செய்தி வரும். ஈகுவல்ஸையும் அதோடு சேர்த்தே எழுதவேண்டிய ஹாஷ்கோடையும் எழுதிச் சேர்த்த பின் அந்தச் செய்தி ஒருமுறைதான் வந்தது. அன்று இருவரும் உண்மையிலேயே ஒரே துண்டைத் திருத்தியிருந்தார்கள்.