ஒரே கைத்துப்பாக்கி, இரண்டு வயது வரம்பு: அமெரிக்கத் தனியார் விற்பனை விதிகள் ஓர் ஒப்பீடு

அமெரிக்காவில் 19 வயது இளைஞர் ஒருவர் உரிமம் பெற்ற டீலரிடம் கைத்துப்பாக்கி கேட்டால் கிடைக்காது. 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி டீலர் விற்க, வாங்குபவருக்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். அதே துப்பாக்கியைத் தன் மாநிலத்திலேயே வசிக்கும் தனியார் ஒருவரிடம் வாங்கினால், கூட்டாட்சிச் சட்டம் கேட்பது 18 மட்டுமே. பின்னணிச் சரிபார்ப்பும் இல்லை. மீதியை மாநிலங்கள் தீர்மானிக்கின்றன. அங்கேதான் வழிகள் பிரிகின்றன.

டெக்சாஸ் கூட்டாட்சி வரம்போடு நின்றுவிடுகிறது. வாங்குபவர் 18க்குக் குறைந்தவர், அல்லது துப்பாக்கி வைத்திருக்கத் தடை உள்ளவர் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ விற்றால் குற்றம். விவரமான விற்பனையாளர் ஓட்டுநர் உரிமத்தைப் பார்ப்பார். ஆனால் அது வயதையும் முகவரியையும் காட்டும், தண்டனை வரலாற்றைக் காட்டாது. எஃப்.பி.ஐ.யின் நிக்ஸ் சரிபார்ப்பு அமைப்பைத் தனியார் நேரடியாக அழைக்கவும் முடியாது. பொறுப்பைத் தந்துவிட்டுக் கருவியைத் தராத ஏற்பாடு இது.

தனியார் விற்பனையை டீலர் வழியாக நடத்த யாருக்கும் தடையில்லை. டீலர் துப்பாக்கியைத் தன் பதிவேட்டில் ஏற்றி, வாங்குபவர் நிரப்ப வேண்டிய கூட்டாட்சிப் படிவமான 4473ஐ வாங்கி, நிக்ஸைக் கேட்பார். சிக்கல், பதில் 'மறுப்பு' என்று வரும்போதுதான். விற்பவர் துப்பாக்கியைக் கடையில் விட்டுப் போயிருந்தால், அதைத் திரும்பப் பெற அவரே 4473 நிரப்பிச் சரிபார்ப்பில் தேற வேண்டும். முடிவு தெரியும்வரை கடையிலேயே காத்திருப்பது உத்தமம். இன்னொன்று: டீலர் இடையில் வந்ததும் 21 வயது விதியும் கூடவே வந்துவிடும்.

பென்சில்வேனியாவில் கைத்துப்பாக்கி என்றால் தனியார் விற்பனையும் டீலர் அல்லது கவுண்டி ஷெரிஃப் அலுவலகம் வழியாகவே நடக்க வேண்டும். கணவன் மனைவி, பெற்றோர் பிள்ளை, தாத்தா பாட்டி பேரப்பிள்ளை இடையே மட்டும் விலக்கு. வழக்கமான ரைஃபிளுக்கும் ஷாட்கன்னுக்கும் இந்தக் கட்டாயம் இல்லை.

இல்லினாய் ஆளையே முன்கூட்டிச் சலிக்கிறது. வாங்குபவரிடம் மாநிலக் காவல்துறை தரும் ஃபாய்ட் அட்டை, அதாவது துப்பாக்கி உரிமையாளர் அடையாள அட்டை வேண்டும். அது செல்லுமா என்று விற்பவர் காவல்துறையிடம் உறுதிசெய்ய வேண்டும். பிறகு 72 மணி நேரக் காத்திருப்பு. அட்டை ரத்தானால் உடனே தெரிந்துவிடும் என்பது இதன் பலம். 21க்குக் குறைந்தவருக்குப் பெற்றோர் கையெழுத்து போதும் என்பது பலவீனம். அம்மாநிலத்தின் ஹைலேண்ட் பார்க் நகரில் 2022இல் நடந்த துப்பாக்கிச்சூட்டில் கைதானவரின் அட்டைக்குக் கையெழுத்திட்டவர் அவருடைய தந்தை. அதற்காக 2023இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அங்கே பயன்பட்டது ரைஃபிள்தான், ஆனால் அட்டை ஒன்றே.

கலிஃபோர்னியா இந்த நான்கிலேயே இறுக்கமானது: தனியார் விற்பனையும் டீலர் வழியாக, 21 வயது, பாதுகாப்புச் சான்றிதழ், 10 நாள் காத்திருப்பு. தனியார் விற்பனைக்கு டீலர் தன் கட்டணமாகத் துப்பாக்கிக்கு 10 டாலருக்கு மேல் வாங்கக் கூடாது. மாநிலக் கட்டணம் தனி. உச்சவரம்பு இல்லாத மாநிலங்களில் டீலர் கேட்பதுதான் விலை.

2022ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டம் 21க்குக் குறைந்தவர்களுக்குச் சிறார் பருவப் பதிவுகளையும் அலச, தேவைப்பட்டால் 10 வேலைநாள் வரை அவகாசம் தந்தது. ஆனால் டீலர் அந்த வயதினருக்குக் கைத்துப்பாக்கி விற்பதே இல்லை என்பதால், அந்த அலசல் ரைஃபிள், ஷாட்கன் போன்ற நீள் துப்பாக்கிகளுக்கே பெரும்பாலும் பயன்படுகிறது. டெக்சாஸில் தனியாரிடம் கைத்துப்பாக்கி வாங்கும் 19 வயதுக்காரரை அது தொடுவதே இல்லை. இப்போது 21 வயது விதியே ஆட்டம் காண்கிறது: 2025 ஜனவரியில் ஐந்தாம் வட்டாரக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அது அரசியலமைப்புக்கு முரண் என்றது, ஜூனில் நான்காம் வட்டார நீதிமன்றம் அது செல்லும் என்றது.

சரிபார்ப்பைக் கட்டாயமாக்க நினைக்கும் மாநிலங்கள் வாசகத்தில் கவனமாக இருக்க வேண்டும். நெவாடாவில் 2016இல் மக்கள் வாக்கெடுப்பில் வென்ற சட்டம், சரிபார்ப்பை மாநில அமைப்பு வழியாக அல்லாமல் நேரே எஃப்.பி.ஐ.யிடமே கேட்க வேண்டும் என்றது. எஃப்.பி.ஐ. செய்ய மறுத்தது. சட்டமன்றம் 2019இல் மாற்றுச் சட்டம் இயற்றி, அது 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வரும்வரை முதல் சட்டம் காகிதத்திலேயே கிடந்தது.