நாலு இஞ்சிக் குழாயும் எட்டு மூலைச் சொப்ட் பொக்ஸும்: ஐந்து வருசம் பாவித்த கதை

என்னிடம் இருக்கிற 80 சென்ரிமீற்றர் சொப்ட் பொக்ஸ், அதாவது பிளாஷின் ஒளியைப் பரப்பி மென்மையாக்குகிற துணிப் பெட்டி, புதிதாக வாங்கினதில்லை. 2020 ஊரடங்கோடு கடையைப் பூட்டின ஒரு ஸ்டூடியோக்காரரிடம் அரைவிலைக்கு எடுத்தது. அதற்குரிய பெரிய விளக்கை அவர் முதலே விற்றுவிட்டார். இருந்திருந்தாலும் எனக்கு உதவாது. அதற்கு 230 வோல்ட் கரண்ட் வேண்டும், திருகோணமலை உப்புவெளிக் கடற்கரையில் மாப்பிள்ளை பொம்பிளையை நிறுத்திப் படமெடுக்கிறவன் பிளக் பொயின்ற்றுக்கு எங்கே போவான்? என் பையில் கிடந்தவை கமராவின் தலையில் செருகுகிற சின்னப் பிளாஷ் இரண்டு, நாலு பென்ரோச் பற்றரியில் ஓடுபவை. இந்தப் பிளாஷை அந்தப் பெட்டியில் எப்படிப் பூட்டுவது என்பதில்தான் ஐந்து வருசமும் போனது.

பெட்டியின் பின்வாயில் இருந்தது போவென்ஸ் வளையம். போவென்ஸ் 1923 இல் தொடங்கின பிரித்தானியக் கம்பனி. 2017 இல் மூடிவிட்டார்கள், ஆனால் அவர்களுடைய மூன்று நாக்கு வளையத்தை இன்றைக்கும் பல கம்பனிகள் செய்துகொண்டிருக்கின்றன. நாக்குகளை உள்ளே விட்டு ஒரு திருப்புத் திருப்பினால் பூட்டிக்கொள்ளும். வளையத்தின் குறுக்களவு ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர். மேசன்மார் நாலு இஞ்சி என்று சொல்கிற 110 மில்லிமீற்றர் பீவீசீக் குழாயின் உள்வாய் அதைவிடக் கொஞ்சம்தான் பெரிது. பக்கத்து வளவில் வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள், வெட்டி எறிந்த ஒரு துண்டு கிடந்தது. வேறென்ன வேண்டும்?

12 சென்ரிமீற்றர் நீளத்துக்கு வெட்டினேன். வாயில் மூன்று இடத்தில் 'ட' எழுத்துப் போல வெட்டு: நேரே இறங்கிப் பக்கவாட்டில் திரும்ப வேண்டும். மற்றப் பக்கத்துக்குக் குழாய் மூடி, அதன் நடுவில் பிளாஷின் தலை நுழைகிற அளவுக்குச் சதுர ஓட்டை, ஓரமெல்லாம் பழைய சைக்கிள் ட்யூப். பிளாஷ் தலை இறுக்கமாகப் போய் நின்றது. பிளாஷின் காலை ஸ்டாண்டின் தலையில் இருந்த, ஒளிக்குடையும் பிளாஷும் பூட்டுகிற குடைப் பிடியில் செருகினேன். செலவு 400 ரூபாய்க்குள். வீட்டுக்குள்ளே நாலைந்து நாள் மருமகளை இருத்தி எடுத்துப் பார்த்ததில் படம் பவுண்போல வந்தது.

ஆவணியில் முதல் கல்யாண வேலை. "என்ன தம்பி, பைப் பூட்டவோ வந்தனீர்?" என்று பொம்பிளையின் தகப்பன் கேட்டார். சிரித்துச் சமாளித்தேன். பின்னேரம் ஐந்தரைக்குக் கச்சான் காற்று ஓய்ந்துவிட்டதென்று நினைத்துக் கடற்கரையில் ஸ்டாண்டை நட்டேன். அது ஓயவில்லை. ஒரு வீச்சில் பெட்டி பாய் விரித்தது போலத் திரும்பியது. ஸ்டாண்ட் விழவில்லை, காலடியில் மணல் பை கட்டியிருந்தேன். பெட்டி மட்டும் போனது, பிளாஷையும் கொண்டு. எடுத்துப் பார்த்தால் பிளாஷின் பிளாஸ்ரிக் கால் அடியோடு முறிந்து குடைப் பிடிக்குள்ளேயே நிற்கிறது. கால் மாற்ற 3,500 ரூபாய். குழாய்க்கு ஒரு கீறல் இல்லை!

திருக்கடலூரில் வள்ளம் திருத்துகிற மாமாவிடம் கொண்டுபோனேன், குழாயைப் பைபரால் இன்னும் பலப்படுத்தலாமா என்று கேட்க. அவர் குழாயைத் தொடவேயில்லை. முறிந்த காலைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தம்பி, வள்ளத்தில எஞ்சினை எங்க பூட்டுறது? பின்பலகையில. நீ எஞ்சினில வள்ளத்தைக் கட்டித் தொங்க விட்டிருக்கிறாய்."

பிளாஷின் கால் பிளாஷைத் தாங்குவதற்கு மட்டும் செய்தது. ஒரு கிலோப் பெட்டி முன்னுக்குத் தொங்கி, அதில் காற்றும் பிடித்தால், அந்த நெம்பு முழுக்க இரண்டு விரல் அகலப் பிளாஸ்ரிக்கில் வந்து நிற்கும். இணையத்தில் பார்க்கிற வீட்டுத் தயாரிப்புப் பிடிகளில் பலதும் இப்படித்தான். படத்தில் அழகாக இருக்கும், காற்றில்தான் தெரியும்.

இரண்டாவது பிடியை மாமாவின் பட்டறையிலேயே செய்தோம். ஓர் இஞ்சி அகல, 5 மில்லிமீற்றர் தடிப்பு அலுமினியப் பட்டம், அதுவும் 'ட' வடிவம். கூர் மூலையில் அடித்து வளைத்தால் அலுமினியம் வெடிக்கும். மாமா ஒரு முக்கால் இஞ்சி இரும்புக் குழாயில் அணைத்து மெதுவாக வளைத்தார். நிமிர்ந்த பக்கம் பீவீசீக் குழாயின் அடியில் இரண்டு போல்ட்டால் பிடிக்கிறது. படுத்த பக்கத்தில் நீளத் துவாரம், அதில் பிளாஷின் கால் நிற்கிற சின்னச் செருகி முன்னும் பின்னும் ஓடும். ஸ்டாண்டில் பூட்டுகிற துவாரத்தைக் குழாயின் வாய்க்கு நேர் கீழே வைத்தோம். பின்னுக்குத் தள்ளினால் பெட்டி எப்போதும் மூக்குக் குத்தும். பாரம் முழுக்கப் பெட்டி, குழாய், பட்டம், ஸ்டாண்ட் என்று இறங்குகிறது. பிளாஷ் சும்மா குந்தியிருக்கிறது. தலைக்கும் ஓட்டைக்கும் இடையில் ஸ்பொஞ்ச் மட்டும்.

போல்ட் விசயத்தில் ஒருநாள் முழுக்க மினக்கெட்டேன். ஸ்டாண்ட் சாமான்களில் இருக்கிறது கமராவின் அடியில் உள்ள அதே கால் இஞ்சிப் புரி, இஞ்சிக்கு 20 சுற்று. ஹாட்வெயாரில் கேட்டால் எடுத்துத் தருவது 6 மில்லிமீற்றர். அது ஒன்றிரண்டு சுற்றுப் போவது போல நடித்துவிட்டுப் பிறகு புரியைத் தின்னும். அளவைச் சொல்லி, புரியைக் காட்டி வாங்குங்கள்.

பூட்டினது நின்றுவிட்டது, சரி. வெளிச்சம்? அதில்தான் ஒரு வருசம் என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். பெரிய ஸ்டூடியோ விளக்கின் குழல் வெறுமையாக நிற்கும், நாலு பக்கமும் ஒளி போய்ப் பெட்டியின் வெள்ளிச் சுவரில் பட்டுத் திரும்பும். சின்னப் பிளாஷ் நேரே முன்னுக்குத்தான் அடிக்கும். ஆகவே துணியின் நடுவில் ஒரு வெள்ளை வட்டம், ஓரமெல்லாம் மங்கல். 80 சென்ரிமீற்றர் பெட்டி 40 சென்ரிமீற்றர் பெட்டியாக வேலை செய்கிறது. கண்ணாலே பார்த்தால் தெரியாது. பெட்டியின் முகத்தையே படமெடுங்கள்: கமராவின் ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 100, லென்ஸ் வாய் எஃப் 16 (எண் கூடக்கூட வாய் சுருங்கும்), பிளாஷைக் குறைந்த சக்தியில் வைத்து. முதல் படத்தைப் பார்த்தபோது எனக்கு முட்டைப் பொரியல்தான் ஞாபகம் வந்தது.

செய்த திருத்தம் மூன்று. பிளாஷைப் பின்னுக்கு இழுத்துத் தலை குழாயின் வாய்க்கு உள்ளேயே நிற்கும்படி வைத்தேன். பிளாஷின் தலைக்குள் இருக்கிற, ஒளியை அகலமாக்குகிற தகட்டை இழுத்துவிட்டேன். ஐஸ்கிரீம் பெட்டி மூடியில் உள்ளங்கையளவு வட்டம் வெட்டி, தலைக்கு முன்னால் நாலு விரல் தள்ளித் தங்கூசியில் கட்டித் தொங்கவிட்டேன். நடுவில் அடிக்கிற ஒளி அந்த மூடியில் பட்டுச் சுவர்களுக்குச் சிதறுகிறது. ஓரமும் நடுவும் முழுக்கச் சமமாகவில்லை, ஆனால் முகத்தில் நிழல் மென்மையாகிவிட்டது. இதற்குச் சக்தியால் விலை கொடுக்க வேண்டும். உள்துணி, வெளித்துணி, மூடி எல்லாம் சேர்த்து, ஒரு மீற்றரில் முழுச் சக்தியில் எனக்குக் கிடைப்பது ஐஎஸ்ஓ 100 இல் எஃப் 8. மண்டபத்துக்குள்ளே, சாமத்திய வீட்டில், இது தாராளம். கால் சக்தியில் எஃப் 4, பற்றரியும் தாங்கும்.

வெளியில்தான் சிக்கல். நாங்கள் இருப்பது கிழக்குக் கரை, சூரியன் கடலில் எழும்புகிறது. விடியக் கடலைப் பின்னணியில் வைத்து எடுத்தால் முகம் கருகும், அதை நிரப்பத்தான் பிளாஷ். சூரியன் எழும்பி முதல் பத்து நிமிசம் ஈடு கொடுக்கும். பிறகு 1/200 செக்கனில் எஃப் 11 கேட்கும்போது ஒற்றைப் பிளாஷ் கையை விரித்துவிடும். இரண்டாவது பிளாஷையும் பூட்டினால் ஒரேயொரு ஸ்டொப் கூடும், அதாவது ஒளி இரண்டு மடங்காகும், அவ்வளவுதான். எனக்கு அதன் பயன் வேறு: இரண்டும் பாதிப் பாதி சக்தியில் அடிப்பதால் சீக்கிரம் மறுபடி தயாராகிவிடும், தாலிகட்டு நேரத்தில் விடுபடாது.

இரட்டைப் பிளாஷுக்கென்று பால்மாப் பேணியால் ஒரு பிடி செய்தேன். பாரமில்லை, உள்ளே வெள்ளியாகவே இருக்கிறது, வளையத்துக்கு அளவும் பொருந்துகிறது. ஆனால் பிளாஷின் உடம்பும் தகரத்துக்குள் போய்விட்டதால் கமராவில் இருந்து பிளாஷை அடிக்கவைக்கிற ரேடியோ சிக்னல் பத்தடிக்கு அப்பால் விட்டு விட்டு வந்தது. இப்போது அந்தப் பேணியில் மனைவி கறிவேப்பிலை நட்டிருக்கிறா.

உப்புக் காற்று பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. அலுமினியத்தில் சாதாரண இரும்பு போல்ட் போட்டேன். ஒரு மாரிக்குள் போல்ட் துரு, அதைச் சுற்றி அலுமினியத்தில் வெள்ளை மாவு. கழற்றப் போனால் தலை உருண்டுவிட்டது. இப்போது வள்ளச் சாமான் கடையில் துருப்பிடிக்காத போல்ட் வாங்கி, கிறீஸ் தடவிப் போடுகிறேன். கடற்கரையில் இருந்து வந்ததும் ஈரத்துணியால் ஒரு துடைப்பு. சூட்டுப் பசையை நம்பவேண்டாம். பூட்டின வானுக்குள் மத்தியானம் இரண்டு மணித்தியாலம் வைத்தேன், ஸ்பொஞ்ச் எல்லாம் கழன்று பையின் அடியில் கிடந்தது. பிளாஷின் உடம்பைத் திறந்து ஏதாவது மாற்றுகிற யோசனை வந்தால் விட்டுவிடுங்கள், உள்ளே இருக்கிற கொள்ளளவி 300 வோல்ட் அளவில் மின்னைத் தேக்கி வைத்திருக்கும், பற்றரியைக் கழற்றின பிறகும்.

2022 இல் டொலர் 200 ரூபாயில் இருந்து 360 ஐத் தாண்டியபோது கடைச் சாமான் எதையும் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அந்த வருசம் முழுக்க இந்தக் குழாய்தான் உழைத்தது. அடுத்த வருசம், விலை கொஞ்சம் இறங்கினதும், கோடொக்ஸ் கம்பனியின் எஸ் வகைப் பிடி ஒன்று எடுத்தேன். பிரித்துப் பார்த்ததும் மாமாவின் ஞாபகம்தான்: பெட்டி பிடியில் பூட்டுகிறது, பிளாஷின் தலையை இரண்டு பக்கத்தாலும் இறுக்கிப் பிடிக்கிறது, காலுக்கு வேலையே இல்லை. இன்றைக்குத் தொடங்குகிறவருக்கு நான் அதையே வாங்கச் சொல்வேன். என் குழாய்க்கு இரண்டு நாள் வேலையும் ஒரு மாமாவும் தேவைப்பட்டது.

ஆனாலும் கல்யாணத்துக்கு இன்னும் குழாயைத்தான் கொண்டுபோகிறேன். கடையில் வாங்கின பிடியில் ஒரு பிளாஷ்தான் நிற்கும், குழாயின் பட்டத்தில் செருகியை மாற்றினால் இரண்டு நிற்கும். போன கிழமை 'ட' வெட்டு ஒன்றின் மூலையில் முடியளவு வெடிப்புக் கண்டேன். வெட்டின மூலையைக் கூராக விட்டது என் பிழை. சின்ன ஓட்டை துளைத்து, அதிலிருந்து வெட்டியிருந்தால் வெடித்திராது. புதுத் துண்டுக்கு மேசனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.