செயலர் மாற்றத்துக்கு அமர்த்திய ஆலோசனைச் சேவை: ஒரு மதிப்புரை

காரைக்குடியில் இசை வகுப்பும் ஆண்டுக்கொரு கலைவிழாவும் நடத்திவரும் எங்கள் சிறிய அறக்கட்டளையில், தொடக்கம் முதல் செயலராக இருந்தவர் வயது காரணமாக விலக விரும்பியபோது, அந்த மாற்றத்தை முறைப்படி நடத்தித் தர வெளியூர் ஆலோசனை நிறுவனம் ஒன்றை அமர்த்தினோம். அறக்கட்டளைப் பத்திரத்தைச் சரிபார்ப்பது, அறங்காவலர் குழுவைச் சீரமைப்பது, அடுத்த செயலரைத் தேர்ந்தெடுக்க உதவுவது எல்லாம் ஒரே கட்டணத்தில் அடங்கும் என்பது ஏற்பாடு. அந்தக் கட்டணத்தில் பாதிக்குத்தான் வேலை நடந்தது என்பது என் கணிப்பு. ஆனால் நடந்த பாதி நன்றாகவே நடந்தது.

அவர்கள் எழுதித் தந்த விதிகளின் முதல் வரைவே ஏமாற்றம் தந்தது. பொதுக்குழு கூடி மூன்றாண்டுக்கு ஒருமுறை செயற்குழுவைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அதில் கண்டிருந்தது. எங்களுக்குப் பொதுக்குழுவே கிடையாது. 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் வரும் சங்கத்துக்குரிய விதிகளை, பத்திரத்தின்படி நடக்கும் பொது அறக்கட்டளைக்கு அப்படியே ஒட்டியிருந்தார்கள். சங்கம் என்றால் உறுப்பினர்கள் கூடி விதியைத் திருத்திக்கொள்ளலாம். அறக்கட்டளையிலோ, திருத்தும் அதிகாரத்தைப் பத்திரமே கொடுத்திருந்தாலன்றி அறங்காவலர்கள் தம் விருப்பப்படி எதையும் மாற்ற இயலாது, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92ஆம் பிரிவின்கீழ் நீதிமன்றத்தை நாட வேண்டி வரலாம். பிழையைக் கண்டுபிடித்தவர் எங்கள் ஆடிட்டர். சொன்னதும் மறுக்காமல் திருத்தித் தந்தார்கள்.

அதன்பின் அவர்கள் அனுப்பிய இளம் ஊழியர்தான் நிறுவனத்தின் பெயரைக் காப்பாற்றினார். வருமான வரித் தளத்தின் ஓடிபி பழைய செயலரின் கைப்பேசிக்கே போகிறது என்பதை, அவர் விலகும் நாளுக்கு வெகு முன்பே கவனித்து மாற்ற வைத்தார். காசோலையில் கையெழுத்திடுவோரை மாற்றத் தீர்மான நகலையும் புதியவர்களின் கேஒய்சி தாள்களையும் சேர்த்து, வங்கி திருப்பி அனுப்பாத வகையில் கட்டிக்கொடுத்தார். நோக்கங்களைத் திருத்தினால் 30 நாளுக்குள் வருமான வரி விலக்குக்கான 12ஏபி பதிவுக்குப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும் என்று அவர் எச்சரித்ததால், பத்திரத்தில் ஒரு வரியைச் சேர்க்கும் ஆசையை ஒத்திவைத்தோம். சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றுவிட்ட உறவினர் தரும் தொகை 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி வெளிநாட்டு நன்கொடை என்பதையும், இந்தியக் கடவுச்சீட்டோடு அங்கே வேலை பார்ப்பவர் தம் சம்பாத்தியத்திலிருந்து தருவது அப்படியல்ல என்பதையும் அவர் விளக்கியது, கடல் கடந்த பங்காளிகளை நம்பி விழா நடத்தும் இப்பகுதி அமைப்புகள் அனைத்துக்கும் உதவும்.

குழுவைச் சீரமைப்பதில் அவர்கள் காட்டியது கம்பெனி வார்ப்பு. நிதிக்கு ஒருவர், சட்டத்துக்கு ஒருவர், விளம்பரத்துக்கு ஒருவர் என்று இடம் ஒதுக்கியவர்கள், பாட்டோ நாட்டியமோ தெரிந்த ஒருவருக்கு இடம் வைக்கவில்லை. எங்கள் அறங்காவலர்களில் பெரும்பாலோர் சென்னையிலும் கோவையிலும் இருக்கிறார்கள். ஊருக்கு வருவது திருமணத்துக்கும், முன்னோரை வழிபடும் படைப்புக்கும்தான். கூட்டம் செல்லுவதற்கு வேண்டிய குறைந்த அளவு வருகை (கோரம்) எப்படிச் சேரும் என்ற எங்கள் முதல் கவலைக்கு அவர்களிடம் விடை இல்லை. படைப்பை ஒட்டிக் கூட்டம் வைப்பது என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். விலகும் செயலரை வாக்குரிமை இல்லாத நிரந்தர அழைப்பாளர் ஆக்கலாம் என்ற அவர்களுடைய யோசனை மட்டும் இருதரப்பு மனக்கசப்பையும் தவிர்த்தது.

தொடங்கியவர் மறைந்த பின்னும் அமைப்பு நிலைக்கும் என்பதற்கு உள்ளூரிலேயே சான்று உண்டு. கம்பன் அடிப்பொடி சா. கணேசன் 1939இல் தொடங்கிய கம்பன் கழகம், அவர் 1982இல் காலமான பிறகும் கம்பன் விழாவைத் தொடர்ந்து நடத்திவருகிறது. ஆனால் அத்தகைய தொடர்ச்சிக்கு வேண்டிய கைமாற்றம் எப்படி நடக்கும் என்பதில்தான் இந்தச் சேவை மிகவும் பின்தங்கியது. அவர்கள் தந்த ஒப்படைப்புப் படிவம் ஒரே பக்கம். எங்கள் செயலரின் அலமாரியில் இருந்த நீள நோட்டிலோ, எந்த நாகசுரக் குழுவுக்கு எந்த மாதத்தில் முன்பணம் போக வேண்டும், கலைஞர்கள் தங்க யார் வீட்டு முகப்பைக் கேட்கலாம், எந்த நாள் சாப்பாடு யாருடைய உபயம், யாருக்கு அழைப்பிதழை நேரில் கொடுத்தால்தான் வருவார் என்பதெல்லாம் அவர் கையெழுத்தில் இருந்தன. இப்பகுதி நகரத்தார் பர்மாவிலும் மலாயாவிலும் கிட்டங்கி என்னும் தொழிலகம் நடத்திய காலத்தில், பணிக்காலத் தவணை முடிந்த ஏஜெண்டு பேரேட்டையும் ஐந்தொகை என்னும் இருப்புநிலைக் கணக்கையும் புதியவரிடம் ஒப்படைத்துவிட்டுத்தானே ஊர் திரும்பினார்? அந்த வழக்கம் அறிந்த ஊரில் ஒரு பக்கப் படிவத்தை நீட்டியது எனக்குச் சற்றுச் சிரிப்பாகவும் இருந்தது. பழைய செயலரும் புதியவரும் ஒரு விழா முழுவதையும் சேர்ந்து நடத்தட்டும் என்று பிறகு நாங்களே தீர்மானம் போட்டோம்.

புதிய செயலரைத் தேர்ந்தெடுத்ததில் அவர்களுக்குப் பங்கில்லை. நேர்காணலுக்கான கேள்விப் பட்டியல் பயன்படாமலே கிடக்கிறது.

இத்தகைய சேவையை நாடுவோர், சட்டம், வரி, வங்கி வேலைகளுக்கு மட்டும் தனிக் கட்டணம் பேசிக்கொள்வது நல்லது. அப்படிப் பிரித்துத் தர முடியும் என்பதை எங்களிடம் கடைசித் தவணையின்போதுதான் சொன்னார்கள். முதல் சந்திப்புக்கே அறக்கட்டளைப் பத்திரத்தின் நகலை எடுத்துச் சென்று, வரைவு எழுதுமுன் அதைப் படித்தீர்களா என்று கேட்டுவிடுங்கள்.