முதலில் அனுப்பியவரைத் தேடுவதா, பணம் போன வழியைத் தேடுவதா?

2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலுக்குச் சென்ற ஒரு மூதாட்டியைப் பிள்ளை பிடிப்பவர் என்று எண்ணி ஊரார் அடித்தே கொன்றார்கள். வாட்ஸ்அப்பில் பரவிய வதந்திதான் அந்த வெறியை மூட்டியது. இதைப் பார்த்த எவரும் "முதலில் அனுப்பியவனைப் பிடியுங்கள்" என்றுதான் சொல்வார்கள். அந்தக் கோபம் நியாயமானது.

அந்த வழியைச் சட்டமாக்கியது 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள். 50 லட்சத்துக்கு மேல் பயனாளர்கள் உள்ள செய்திச் செயலிகள், உத்தரவு வந்தால் ஒரு செய்தியை முதலில் அனுப்பியவரை அடையாளம் காட்ட வேண்டும். செய்தியோடு அனுப்பியவரின் அடையாளத்தையும் சேர்த்துவிடலாம் என்று சென்னை ஐஐடி பேராசிரியர் காமகோடி சென்னை உயர் நீதிமன்றத்தில் முன்பே யோசனை கூறியிருந்தார். சிக்கல் என்னவென்றால், நாளை எந்தச் செய்தி கேட்கப்படும் என்று இன்று யாருக்கும் தெரியாது. ஆகவே குற்றமே செய்யாத கோடிக்கணக்கானோரின் ஒவ்வொரு செய்திக்கும் தடயம் வைத்தாக வேண்டும். அதைவிட மோசமானது இன்னொரு பிரிவு: மூலச்செய்தி வெளிநாட்டிலிருந்து வந்திருந்தால், இந்தியாவுக்குள் அதை முதலில் பகிர்ந்தவரே முதலில் அனுப்பியவராகக் கருதப்படுவார். எச்சரிப்பதற்காகப் பகிர்ந்தவரும் இதில் மாட்டலாம். உத்தரவிடுபவர் நீதிபதியாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஆம் பிரிவின்படி உள்துறைச் செயலாளரே போதும்.

இரண்டாவது வழி, படம் கைப்பேசியை விட்டு வெளியேறும் முன்பே அதைச் சோதிப்பது. குழந்தைகள் மீதான பாலியல் வன்கொடுமைப் படங்களைக் கண்டறிய ஆப்பிள் 2021-இல் இதை அறிவித்தது. கடும் எதிர்ப்புக்குப் பின் 2022 டிசம்பரில் கைவிட்டது. நோக்கத்தில் குறையில்லை. ஆனால் தேடவேண்டிய படங்களின் பட்டியலில் நாளை அரசியல் கேலிச்சித்திரத்தைச் சேர்க்கச் சொன்னால், அதே கருவி அதையும் தேடும்.

மூன்றாவது வழியையே நான் ஆதரிக்கிறேன்: புகாரிலிருந்து தொடங்கி, பணத்தையும் சிம் கார்டையும் பின்தொடர்வது. காவல் அதிகாரிபோல் வீடியோ அழைப்பில் மிரட்டிப் பணம் பறிக்கும் 'டிஜிட்டல் கைது' மோசடியை எடுத்துக்கொள்ளுங்கள். மோசடிக்காரன் பேசிய எண், அனுப்பிய போலி ஆவணம், பணம் போன கணக்கு எல்லாம் பாதிக்கப்பட்டவரின் கைப்பேசியிலேயே இருக்கின்றன. அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வேறு யாரும் படிக்க முடியாதபடி செய்தியைப் பூட்டும் மறையாக்கம், அங்கே காவல்துறைக்குத் தடையே அல்ல. கமிஷனுக்கு வாடகைக்கு விடப்பட்ட வங்கிக் கணக்குகளும், பிறர் பெயரில் வாங்கிய சிம்களும்தான் தடை. இணைய மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு உடனே தகவல் போனால், பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவும் முன் நிறுத்த முடியும். ஊரார் உரையாடலில் கைவைக்காமலே இது நடக்கிறது.

இந்த வழியிலும் அநியாயம் உண்டு. மோசடிப் பணத்தில் சில நூறு ரூபாய் யுபிஐ வழியாக வந்துவிட்டது என்பதற்காக, மளிகைக் கடைக்காரரின் முழுக் கணக்கும் முடக்கப்படுகிறது. சந்தேகத்துக்குரிய தொகையை மட்டும் நிறுத்திவைத்தால் போதுமே!

வதந்திக்கும் குழந்தைகளின் படங்களுக்கும் பணத் தடம் எப்போதும் உதவாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அங்கே, குழுவில் இருக்கும் ஒருவர் புகார் கொடுத்தாலே காவல்துறைக்குச் செய்தியும் அனுப்பியவரின் எண்ணும் கிடைத்துவிடும். அதிலிருந்து ஒவ்வொரு கைப்பேசியாகப் பின்னோக்கிச் செல்லலாம், ஒவ்வொன்றுக்கும் நீதிபதியின் அனுமதியோடு. வேலை மெதுவாகத்தான் நகரும். ஆனால் விசாரிக்கப்படுவோர் அந்த வழக்கோடு தொடர்புடையவர்களாக மட்டுமே இருப்பார்கள்.